சேகரன் பெயரில் நான் எழுதியது

கலா தன் ப்ளாக்கை அழித்த அன்று வகுப்பில் இருந்தவர்கள் நாலே பேர்: டீச்சர், கலா, சேகரன், நான். இன்று என் மகள் மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் தின்றுகொண்டே லேப்டாப்பைத் தட்டினாள். அந்த மசாலா வாசனை என்னை நேரே எங்கள் ஆங்கில வகுப்பு நடந்த தெப்ராவ் கடைவீட்டு மாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டது. டீச்சர் வாரம் தவறாமல் கறிபாப் வாங்கி வருவார். கீபோர்டில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு.

நாங்கள் மூவரும் ஒரே தொழிற்சாலை. நான் ஃபார்ம் திரீயோடு, பதினைந்து வயதில், படிப்பை விட்டவள். ஆங்கிலம் வந்தால் லைன் லீடர் ஆகலாம் என்று சேர்ந்தேன். டீச்சர் இலக்கணப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆளுக்கொரு ப்ளாக் திறந்துகொடுத்தார். வாரம் ஒரு பதிவு, மற்றவர் பதிவில் ஒரு கருத்து. எனக்குப் பயம். சூப்பர்வைசர் படித்துவிட்டால்? தப்பைப் பார்த்து வேலையை விட்டே தூக்கிவிட்டால்? அவருக்கு வேறு வேலையில்லை பாருங்கள். ஒரு வரியை மூன்று முறை அழித்து எழுதுவேன்.

கலா அப்படியில்லை. கோத்தா திங்கி வெள்ளத்தில் அவள் அம்மா ரைஸ் குக்கரை மட்டும் தூக்கிக்கொண்டு படகேறிய கதையைத் தப்பும் தவறுமாக, ஆனால் சிரிக்கச் சிரிக்க எழுதினாள். டீச்சர் அதை உரக்கப் படித்தார். முகம் தெரியாதவர்கள்கூட வந்து கருத்து எழுதினார்கள். சேகரன் அவள் பதிவுகளுக்கு நீள நீளமாகக் கருத்து எழுதுவான். அவளுக்காகத்தான் அவன் வகுப்புக்கே வந்தான். எனக்கு வந்ததெல்லாம் டீச்சரின் ‘நன்று, இன்னும் எழுதவும்’ மட்டும். வயிறு எரிந்தது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

இருந்தது இரண்டே கம்ப்யூட்டர். ஒரு சனிக்கிழமை ஷிப்ட் வேனைப் பிடிக்க சேகரன் எழுந்து ஓடினான். அவன் இடத்தில் நான் உட்கார்ந்து, கலாவின் பதிவுக்குக் கீழே, ‘இது ஸ்டாண்டர்ட் ஒன் பிள்ளையின் ஆங்கிலம். வெட்கமாக இல்லையா?’ என்று தட்டினேன். பேர் போடாவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு. அவன் தன் கணக்கை மூடாமல் போயிருந்தான். அவன் பேரோடும் படத்தோடும் ஏறிவிட்டது. எனக்கு அழிக்கத் தெரியவில்லை. டீச்சரிடம் கேட்கவா முடியும்?

அடுத்த வாரம் கலா அவன் முன்னால் வந்து நின்றாள்.

“நேர்ல நல்லாருக்குன்னு சொல்றீங்க. அங்க இப்படி எழுதுறீங்க.”

“நான் எழுதல லா, கலா.”

“அப்ப உங்க படம் தானா நடந்து வந்துச்சா?”

அவன் என் பக்கம் திரும்பினான். “எனக்கப்புறம் நீங்கதானே அக்கா உக்காந்தீங்க?”

“எனக்கு என்னப்பா தெரியும்,” என்றேன்.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கலா எங்கள் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தாள். அப்புறம் வகுப்புக்கும் வரவில்லை, சேகரனோடும் பேசவில்லை.

அந்த மாடியில் இப்போது காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடை. டீச்சர் காலமாகிவிட்டார். சேகரன் சிங்கப்பூருக்குப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான் என்கிறார்கள். கலாவின் ப்ளாக் முகவரியைத் தட்டினால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்கிறது. அவள் எழுதியதெல்லாம் போயிற்று. நான் எழுதிய அந்த வரியும் அதோடு போயிற்று. அதை அவன் எழுதவில்லை என்று சொல்வதற்கு இனி நான் ஒருத்திதான்.