தங்கச்சிக்கு விளங்காத பொலிட்டிக்ஸ்

ஈயம் உருகும் புகை மணம்... அந்த நாட்களில் என் சட்டையை விட்டுப் போகவே போகாது.

எழுபதுகள். கொட்டாஞ்சேனையில் பாகங்களைச் சேர்த்து ரேடியோ பூட்டும் சின்னக் கம்பெனியொன்றில் எனக்கு வேலை. வெளிநாட்டு ரேடியோ உள்ளே வரமுடியாத காலம் என்பதால் எங்களுக்கு ஓடர் குவிந்தது. ஆனால் வேலைக்குப் போகுமுன் விடியவே பேக்கரி வாசலில் பாண் கியூவில் நிற்க வேண்டும். அதுவும் என் தலையில்தான்.

ஞாயிறென்றால் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் விவாதம். அண்ணா சோஷலிசம். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர் செல்வண்ணை ஃப்ரீ மார்க்கெட். நானும் அம்மாவும் கிழமை முழுக்கப் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்து மிச்சம் பிடித்த கூப்பன் சீனி, இவர்கள் கத்தி முடிப்பதற்குள் இவர்களின் தேத்தண்ணியில் கரைந்துவிடும்!

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரு நாளாவது பாண் கியூவில நிண்டிருக்கிறியளே?"

அண்ணா சிரித்தார். "இது பொலிட்டிக்ஸ், தங்கச்சி. உனக்கு விளங்காது. இன்னும் ரெண்டு தேத்தண்ணி கொண்டு வா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன், வேறென்ன...

பிறகு ஆட்சி மாறியது. இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். பாண் கியூ போனது பெரிய நிம்மதி, அதை மறுக்கமாட்டேன். ஆனால் புறக்கோட்டை முழுக்க ஜப்பான் ரேடியோ செட். எங்கள் கம்பெனியை இழுத்து மூடினார்கள்.

அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணாவும் செல்வண்ணையும் முன் ஹோலில் இருந்தார்கள்.

"பாத்தியா மச்சான், நான் அப்பவே சொன்னனான்!" அண்ணாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். என் வேலை போனது அவருக்கு ஒரு பொயிண்ட்!

செல்வண்ணை விட்டாரா? "கொம்பிட்டிஷன் எண்டா அப்பிடித்தான். சாமான் திறமா இருந்தா ஏன் மூடுறான்?"

அந்தச் சாமானைச் செய்தவள் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது அண்ணா கனடாவில். சொந்த வீடு, இரண்டு கார், அங்கேயிருந்து சோஷலிசம் எழுதுகிறார். கல்கிசை ஃபிளாட்டில் இருக்கும் செல்வண்ணை, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச மருந்து இல்லையென்று கத்துகிறார். சண்டை வாட்ஸ்அப்பில் தொடர்கிறது. அந்த வீட்டையும் அம்மாவையும் நினைத்தால் மனம் ஏங்கத்தான் செய்கிறது... கோபம் மட்டும் ஆறவில்லை.

போன கிழமை அண்ணா குரூப்பில் கேட்டார்: "தங்கச்சி, நீ எந்தப் பக்கம்?"

"வேலை போய் வந்து நிண்ட அண்டைக்கு, இனி என்ன செய்யப்போறாய் எண்டு கேட்டவர் ஆரோ, அவற்ற பக்கம்" என்று எழுதினேன்.

இருவரும் பார்த்துவிட்டார்கள். நான் எழும்பிப் போய் எனக்கு மட்டும் ஒரு தேத்தண்ணி போட்டேன்.