எனக்குப் பிடித்த சித்திரைக்காரர்கள்

மைக் செட்காரனுக்குக் கச்சேரி இலவசம், ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து கேட்கத்தான் கொடுப்பினை கிடையாது. படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கோயில் திருவிழா, கம்பெனி ஃபேமிலி டே, புது லைன் பூஜை என்று ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கித் தூக்கி இடுப்பு போனவன் நான். நீங்களும் அடுத்தவன் வீட்டு விசேஷத்தில் பிழைக்கிறவர் என்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

கல்யாணமான பெண்ணை ஆடி மாசம் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளை அப்பனுக்கு ஆகாது, குடும்பத்தையே கவிழ்த்துவிடும் என்று ஒரு பயம். என் மனைவி பானுவுக்கு இருங்காட்டுக்கோட்டை கம்பெனி ஒன்றில் லைன் வேலை. ஆடிக்கெல்லாம் எந்த சூப்பர்வைசர் லீவு கொடுப்பான்? அனுப்பவில்லை, உண்டாகிவிட்டாள். சித்திரைக் கடைசியில் பிறக்கும் என்று டாக்டரம்மா சொன்னதும் என் அம்மா ஜோசியரிடம் ஓடினாள். பங்குனி நடுவிலேயே ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட வேண்டும் என்று நல்ல நேரத்தோடு திரும்பி வந்தாள். மாசம் நிறையாத பிள்ளையை எப்படி எடுப்பது? என் பிள்ளையைக் காப்பாற்ற, சித்திரையில் பிறந்து நன்றாக இருக்கிறவர்களைத் தேட ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மேடைதானே. பார்க்கிற வித்வானிடமெல்லாம் பிறந்த மாசம் கேட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்த மூன்று பேரும் சித்திரை என்று தெரிந்தபோது, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நாயனம் ஏகாம்பரம்

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் புது லைன் பூஜை. ஏகாம்பரம் நாயனத்தை வாயில் வைத்தால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேல் எனக்குக் கை போகாது. மைக்கே வேண்டாத மனுஷன். அன்றைக்கு அவர் இழுத்த இழுப்பில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்கூட வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். பெரிய அதிகாரி கார் உள்ளே வந்ததும் ஹெச்.ஆர். ஆள் ஓடிவந்து, நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினான். ஏகாம்பரம் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் நாயனத்தைத் துடைத்து உறையில் போட்டார்.

டீ குடிக்கும்போது கேட்டேன். சித்திரைதான் என்றார். அப்பா எப்படி இருந்தார் என்று ஆவலாகக் கேட்டுத் தொலைத்தேன். பயிர் வைத்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போய், வந்த காசும் கரைந்து, கடைசியில் அந்த நிலத்தில் எழும்பின கம்பெனி கேட்டிலேயே வாட்ச்மேனாக நின்று செத்துப்போனாராம். பழி முழுக்கப் பிள்ளை தலையில். ஏகாம்பரம் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "எங்க நெலம் போனது என்னாலதான்னாங்க. ஊர்ல எல்லார் நெலமும்தான் பூட்ச்சி தம்பி, எல்லாருமா சித்திரையில புள்ள பெத்தாங்க?"

பேட் தாமு

இந்த முறை ஏமாறக் கூடாது என்று முதலிலேயே விசாரித்தேன். ரிதம் பேட் வாசிக்கிற தாமுவும் சித்திரை. அவன் அப்பா குத்துக்கல் மாதிரி இருக்கிறார், சொந்த வீடு, சொந்த ஆட்டோ. இதைவிட என்ன வேண்டும்? படப்பையில் ஒரு கோயில் கச்சேரிக்கு, அவனை நேரில் காட்டிவிடலாம் என்று அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். தாமு அப்பா வேட்டி சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பாதி இறங்கி வந்துவிட்டாள் என்றே தோன்றியது.

தாமுவின் கையை அப்புறம்தான் பார்த்தோம். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை, ராத்திரி ஷிஃப்ட், வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. புண் ஆறி அன்றைக்குத்தான் முதல் மேடை. மிச்ச விரலை வைத்துக்கொண்டு அவன் வாசித்த வாசிப்பு இருக்கிறதே, பாவி, ஒரு அடிகூடப் பிசகவில்லை. அம்மா அந்தக் கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மறுபடி வேலைக்குப் போனாயா என்று தாமுவைக் கேட்டேன். அட்டெண்டன்ஸ் மெஷினில் ரேகைக்கு அவன் பதிந்து வைத்திருந்தது போன விரல்களில் ஒன்றைத்தானாம். அவன் சிரித்தான்: "என் வெரலு உள்ளதான்ணா கீது. மெஷினு என்னியத்தான் யாருன்னு கேக்குது."

செல்வி

செல்வி செல்போன் கம்பெனி லைனில் நிற்கிற பெண், லீவு நாளில் மேடையேறுவாள். மேல் சுருதியில் போகும்போதும் கத்தாத குரல். சித்திரையில் பிறந்தாள் என்று கைக்குழந்தையாகவே பெரியம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கச்சேரி. அது அவளைப் பெற்றவர்களின் ஊர். மேடையேறும் முன் என்னிடம் வந்து, "எங்கப்பா அதோ, பச்சைத் துண்டு. வாய்சைக் கொஞ்சம் தூக்கி வைங்கண்ணா," என்றாள். தூக்கி வைத்தேன். அன்றைக்கு அவள் பாடினது போல யார் பாடியும் நான் கேட்டதில்லை.

பச்சைத் துண்டுக்காரர் பாட்டு முடிந்ததும் எழுந்து நேராக என்னிடம் வந்தார். பெண்ணிடம் கூட்டிப்போகச் சொல்லப்போகிறார் என்று மிக்சரைவிட்டு எழுந்தே நின்றேன். அவர் என் காதருகில் குனிந்து சொன்னார்: "நல்லா பாடுதுப்பா. யார் வூட்டுப் பொண்ணு அது?"

பங்குனி

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அம்மாவிடம் என்ன பேசுவது? இருந்தாலும் பேசினேன். கத்தினேன். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மாவும் மாமனாரும் சேர்ந்து வேறொரு நர்சிங் ஹோமைப் பிடித்துவிட்டார்கள். கடைசி நம்பிக்கையாகப் பானுவிடம் போனேன். நீ ஒரு வார்த்தை மாட்டேன் என்று சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "நீ பாட்டுக்கு கச்சேரிக்குப் பூடுவ. நாளைக்கு வூட்ல எது நடந்தாலும் பேச்சு வாங்கப்போறது நானும் என் புள்ளையும்தான்."

கூழ் வார்த்த அன்று

பெண் குழந்தை. கையில் அடங்குகிற உடம்பு, மூச்சுக்கு மெஷின். சித்திரை முழுக்கக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்து வந்தாள். ஆடியில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள், செட் என்னுடையது. பானு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாக்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எவனோ மைக்கைப் பாக்ஸுக்கு நேராகத் திருப்ப, கூவென்று காதைக் கிழிக்கிற ஊளை. அத்தனை பேரும் காதைப் பொத்தினார்கள். குழந்தை மட்டும் சீரியல் லைட்டைப் பார்த்து, கண்ணைக்கூட இமைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தது. பானு என்னைப் பார்த்தாள். அப்புறம் குழந்தையின் காதுக்குப் பின்னால் சத்தமாகக் கை தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

இரண்டு காதும் கேட்காது என்றார் டாக்டர். மாசம் நிறையாமல் பிறந்து, மூச்சுக்கு அவ்வளவு பாடுபட்டால் இப்படி ஆகலாம் என்று அம்மாவையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பேத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை, அதனால்தான் என்னால் திட்டக்கூட முடியவில்லை. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பங்குனியில பொறந்ததுக்கே இப்டி ஆயிட்ச்சேடா. சித்திரையில பொறந்திருந்தா இன்னா ஆயிருக்குமோ, நல்லவேளை."

எங்கள் வீட்டில் டாக்டர் காதைச் சோதித்தது ஒருத்திக்கு மட்டும்தான்.