தோசை ஏன் திரும்பி வரக் கூடாது?

எங்கள் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு அறிவியலில் செரிமானப் பாடம் வந்தபோது, புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "இதை நாடகமாப் போடுவோம்" என்றேன். வகுப்பில் பதினோரு பிள்ளைகள். கணக்குப் பாடவேளையில் சிறுகுடலுக்காக ஆறு மீட்டர் கயிறு அளந்தோம். தமிழ்ப் பாடவேளையில் வசனம் எழுதினோம். தோசையாக நடித்த பெண், "மெல்லாம முழுங்குறீங்களே, நியாயமா?" என்று தானே எழுதிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை அவளுடைய அப்பா வந்து நின்றார். சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் குழாய்களைப் பழுதுபார்ப்பவர். வேலைச் சீருடையோடு நேராக வகுப்புக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், என்ன படிச்சேன்னு கேட்டா தோசையா நடிக்கிறேங்குது. கணக்கு எப்பதான் படிக்கும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் என் பாடத்தில் சந்தேகமில்லை. "பத்து நிமிஷம் உக்காந்து பாருங்கண்ணே. அப்புறம் சொல்லுங்க."

பிள்ளைகளின் சிறிய நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தார்.

இரண்டு பேர் கைகோத்து வயிற்றின் வாசலாக நின்றார்கள். அதைத் தாண்டிப் போன தோசை சட்டென்று திரும்பி, "நான் ஏன் மேல வரக் கூடாது டீச்சர்?" என்றாள். அது வசனத்தில் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். "எங்க குழாய்லயும் வால்வு இருக்கும்மா. ஒரு பக்கந்தான் தொறக்கும்." வாசல் பிள்ளைகளின் கைகளைப் பிடித்து, எந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும் என்று காட்டினார். உடம்பில் அது தசை, சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நான் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப வாந்தி எப்படி அங்கிள் வருது?" என்றான் வயிறாக நின்றவன்.

"அதை டீச்சர்தான் சொல்லணும்லா!" என்று சிரித்தார்.

தசை தளர்வதையும் வயிறு அழுத்தப்பட்டு உள்ளிருப்பது மேல்நோக்கித் தள்ளப்படுவதையும் விளக்கினேன். வயிறாக நின்றவன் குனிந்து உவ்வே என்று நடித்துக்காட்டினான். கிளம்பும்போது அவர் மகளிடம், "ஆறு மீட்டர் எத்தனை சென்டிமீட்டர்?" என்றார்.

"அறுநூறுப்பா. அளந்தோம்லா."

அவர் என்னைப் பார்த்தார். "எப்ப டீச்சர் மேடையேத்துறீங்க? அவங்கம்மாவையும் கூட்டிட்டு வரணும்."

நாடகத்தன்று இருவரும் வந்தார்கள். மேடையில் அவள் ஒரு வசனத்தை மறந்துவிட்டாள். ஒரு நொடிதான். "யாராச்சும் லைட் போடுங்கலா, உள்ள ஒரே இருட்டு, கெலாப்பா இருக்கு!" என்று கத்தினாள். மண்டபம் சிரித்து ஓய்வதற்குள் அவள் சிறுகுடலுக்குள் பாதி தூரம் போயிருந்தாள்.