ரேஷன் கடை வரிசையில் பேசியதற்காக

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் அப்போது எனக்குக் களத்து வேலை. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காயும்வரை காலால் கிளறிவிட வேண்டும். கழக ஆட்சி வந்து, நிலச் சட்டம், குத்தகைப் பதிவு என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த காலம் அது. எங்கள் மில் முதலாளிக்கு நிலமும் உண்டு. அதைப் பல வருஷமாகக் குத்தகைக்கு உழுதுவந்த ஒருவரை நடவுக்கு முன்னால் வெளியேற்றப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு. ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அந்தக் குத்தகைக்காரரின் மனைவி அழுதுவிட்டாள்.

"அழுவாதீங்கக்கா. பதிவு பண்ணின குத்தகைக்காரர இஷ்டத்துக்கு வெளியேத்த முடியாது. தாலுகா ஆபீஸ்ல மனு குடுங்க" என்றேன். விவசாயச் சங்கக் கூட்டத்தில் காதில் விழுந்ததைத்தான் சொன்னேன். பின்னால் நிற்பவர்கள் யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மில் வாசலிலேயே முதலாளி என்னை மறித்தார்.

"இனிமே நீ வேலைக்கு வர வேணாம்."

"நான் என்னங்க தப்பு செஞ்சேன்?"

"என் சோத்தத் தின்னுட்டு, ரேஷன் கடையில நின்னு எனக்கு எதிரா பேசுறியா?"

வீட்டில் உலை வைப்பதே என் கூலியில்தான். ஆனால் 'என் சோறு' என்றாரே, அதுதான் சுருக்கென்றது.

"நான் தின்னது என் உழைப்புங்க. லீவு நாள்ல நான் பேசுறதுக்கும் மில்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"வெளிய போடி!"

வெளியே வந்தேன்; வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே பாய்லரிலிருந்து இறக்கிய நெல் களத்தில் குவியலாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. என்னோடு களத்தில் வேலை செய்யும் பெண்களில் மூத்த அக்கா ஒருத்தி கூடையைக் கீழே வைத்தாள்.

"அவ பேசுனதத்தான் நாங்களும் பேசுறோம். எங்களையும் அனுப்பிடுங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் வந்தார்கள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

அவித்த நெல்லை உடனே பரப்பாவிட்டால் புளித்து நாறிப்போகும். முதலாளி மிஷின் ஓட்டும் ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "அது பொம்பளைங்க வேலைங்களே, எங்களுக்குப் பழக்கமில்லீங்க" என்றார்கள். நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

வெயில் ஏறியதும் அவரே கேட்டுக்கு வந்தார். "சரி சரி, எல்லாரும் உள்ள வாங்க."

நான் எழுந்திருக்கவில்லை. "நேத்து பேசுனத இனிமேயும் பேசுவேங்க."

"வேலையில குத்தம் இருந்தா கேளுங்க, பதில் சொல்றோம்" என்றாள் அக்கா. "வெளியில பேசுனதுக்காக யாரையும் நிறுத்த மாட்டேன்னு இப்ப சொல்லுங்க."

அவர் திரும்பி நெல்லைப் பார்த்தார். மிஷின் ஆட்களும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள்.

"நிறுத்த மாட்டேன். வெளியில என்ன வேணா பேசிக்குங்க. போய் நெல்லப் பரப்புங்க!"

கொதிக்கிற களத்தில் அன்று கால் சுட்டதே தெரியவில்லை. நடுவில் யாரோ ஒருத்தி குலவை போட்டாள். முதலாளி ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குத்தகைக்காரரின் மனைவி மனுக் கொடுக்கப் போனபோது, மில்லின் களத்துப் பெண்கள் அத்தனை பேரும் கூடப் போனோம். கடைத்தெரு வழியாக, உரக்கப் பேசிக்கொண்டே போனோம்.