மதினியின் எட்டு பட்டன்கள்

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நான் ஒரே ஒரு ஆள் மேல்தான் பொறாமைப்பட்டேன். மற்ற விடுமுறைகளில் தெருவில் பாதிப் பேர் மேல் பொறாமைப்படுவேன். அந்த வருஷம் ஒருத்திக்கே நேரம் போதவில்லை. அவள் என் தாய்மாமன் மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்பதால் மதினி என்று கூப்பிட வேண்டும். அதுவே எனக்கு முதல் வயிற்றெரிச்சல்.

மாமா கோவில்பட்டியில் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா, சாவு விழுந்த துட்டி வீடு, எதுவானாலும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது அவர் தொழில். பாட்டெல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில் கிடந்தன. கொடை அன்று நேரத்துக்கு ஏற்ற பாட்டு ஒலிக்க வேண்டும்: தீர்த்தம் வரும்போது ஒன்று, முளைப்பாரி வரும்போது ஒன்று, சாமி இறங்கும்போது ஒன்று. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேடி எடுப்பதற்குள் தீர்த்தம் வந்து அபிஷேகமும் முடிந்திருக்கும்.

கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். எங்கள் இருவரையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அங்கே சார் பைதானில் விண்டோ செய்யக் கற்றுக்கொடுத்தார். நாலு வரி எழுதி ஓட்டினால் திரையில் ஒரு வெறும் கட்டம் வந்து நிற்கும். அதில் பட்டன் வைக்கலாம், பெயர் எழுதலாம், கலர் அடிக்கலாம். அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று பட்டனுக்குத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால், அப்பா திட்டும்போது நான் தலையாட்டுவதுபோல, அது அமுங்கி எழும், வேறொன்றும் நடக்காது.

மதினிதான் முதலில் மாமாவிடம் கேட்டாள். "எப்பா, கொடைக்கு நான் ஒரு விண்டோ செஞ்சு தாரேன். பட்டனை அமுக்குனா பாட்டு வந்துரும். நீங்க தேட வேண்டாம்."

எனக்கு அந்த யோசனை வந்திருக்கவில்லை. அவளுக்கு வந்துவிட்டது என்பதால் மட்டுமே எனக்கும் உடனே வந்தது. "மாமா, நானும் செய்யுதேன்!"

மாமா சிரித்தார். "ரெண்டு பேரும் செய்யுங்க. எது நல்லாருக்கோ அதை வைப்போம். செஞ்ச ஆளு கொடையன்னைக்கு மைக் பக்கத்துல உக்காரட்டும்."

மைக் பக்கத்து நாற்காலி! எங்கள் ஊரில் அதற்கு மேல் பதவி கிடையாது. பெரியப்பா சாமியாடி; ஆனால் சாமி இறங்கியிருக்கிற நேரம் மட்டும்தான் அவருக்கு மரியாதை. மைக் பக்கத்தில் இருக்கிறவனுக்கு நாள் முழுக்க மரியாதை. ஐஸ் வண்டிக்காரர்கூட அவன் இருக்குமிடம் தேடி வந்து கொடுப்பார்.

மதினி செய்த விண்டோவை அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். சாம்பல் கலர். எட்டே எட்டு பட்டன். கொடைக்கு எந்த வரிசையில் பாட்டு தேவையோ அதே வரிசை. அவ்வளவு எளிமையாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. இவள் எட்டு வைத்தால் நான் எண்பது வைப்பேன் என்று கிளம்பினேன். மாமாவின் லேப்டாப்பில் இருந்த பாட்டு ஒன்று பாக்கியில்லாமல் அத்தனைக்கும் ஆளுக்கொரு கலரில் பட்டன். திரையைப் பார்த்தால் பொருட்காட்சி வளையல் கடை மாதிரி இருந்தது.

அத்தனை பட்டனையும் ஒவ்வொன்றாக எழுத யாரால் முடியும்? ஒரு சுற்று எழுதி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு எல்லாவற்றையும் செய்ய வைத்தேன். பட்டன் நான் நினைத்த மாதிரியே வரிசையாக வந்து உட்கார்ந்ததும் எனக்கே என் மேல் பொறாமை வந்தது.

லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஹெட்போன் மாட்டினாலோ ஆம்ப்ளிஃபயரில் வயர் கொடுத்தாலோதான் சத்தம். அதனால் நான் பட்டனை அமுக்கிப் பார்த்தேன், அது அழகாக அமுங்கியது, திருப்தி.

மதினி ஒரு தடவை கேட்டாள். "ஏலே, ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாத்தியா?"

இவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். உலகத்தில் எல்லாரும் என்னைப் போலத்தான் என்று நம்பிய வயது. "உன் வேலையப் பாரு மதினி" என்றேன்.

மாமா இரண்டையும் பார்த்தார். அவளுடையதைக் கொஞ்ச நேரம், என்னுடையதை அதைவிடவும் குறைந்த நேரம். "மருமவன் விண்டோ கலரா இருக்குல்லா! அதையே வைப்போம்" என்றார். சொன்ன கையோடு பக்கத்தில் இருந்த பையைத் திறந்து ஒரு புதுச் சட்டையை எடுத்தார். முதுகில் கடைப் பெயர் அச்சடித்த, மைக் பக்கத்தில் உட்காருகிறவன் போடுகிற சட்டை. போட்டுப் பார்த்தேன். தோள், கை, நீளம், எல்லாம் அளவெடுத்து வைத்ததுபோல் பொருந்தியது. அதிர்ஷ்டம் வந்தால் இப்படித்தான் வரும் என்று மதினியைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன். அவள் சட்டையைப் பார்க்கவில்லை. லேப்டாப்பை மூடி வைத்தாள்.

விளாத்திகுளம் போகிற வழியில் எங்கள் ஊர். கொடை அன்று மதியம் வெயில் கரிசலை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது. பந்தலில், நாற்காலியில், சட்டையோடு நான். ஜெனரேட்டர் சத்தத்தைத் தாண்டி மேளம் கேட்டது. தெருமுனையில் தீர்த்தக்குடம். அதற்குப் பின்னால் முளைப்பாரி சுமந்த பெண்கள். மதினி மூன்றாவது ஆளாக வந்துகொண்டிருந்தாள். கோயில் முன்னால் பெரியப்பா கண்ணை மூடி, உடம்பை முறுக்க ஆரம்பித்திருந்தார்.

"போடு மருமவனே!" என்றார் மாமா.

தீர்த்தப் பட்டனை அமுக்கினேன். நாலு குழாயிலும் ஒப்பாரி கிளம்பியது. துட்டி வீட்டில் போடுகிற ஒப்பாரி.

பதறி அடுத்த பட்டன். அதே ஒப்பாரி, முதலிலிருந்து. மஞ்சள் பட்டன், ஒப்பாரி. பச்சை பட்டன், ஒப்பாரி. மேளக்காரர்கள் நின்றுவிட்டார்கள். முளைப்பாரியோடு வந்த சித்தி பழக்கதோஷத்தில் மூக்கைச் சிந்தினாள். பாதி இறங்கிய சாமி அங்கேயே நிற்க, பெரியப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "எவன் வீட்டுலலே துட்டி?" என்றார்.

மாமா வயரைப் பிடுங்கினார். எனக்கு அழுகை வந்தது. ஒப்பாரிக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்; ஆனால் வயரைப் பிடுங்கிவிட்டாரே.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் கண்ணாடி வளையல் சத்தம். மதினி. முளைப்பாரியை வழியில் தரையில் இறக்கக்கூடாது. அதனால் தலையில் அப்படியே வைத்து, இடது கையால் பிடித்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாக வலது கையை நீட்டினாள். என் வளையல் கடையை மூடினாள். தன் சாம்பல் விண்டோவைத் திறந்தாள். "எப்பா, வயரைக் குடுங்க." முதல் பட்டன். தீர்த்தப் பாட்டு. பெண்கள் குலவையிட்டார்கள். பெரியப்பாவுக்குச் சாமி மிச்சமும் இறங்கியது.

"பட்டன் செய்யும்போதே அது அது பாட்டை அது அது கையில குடுத்துரணும்லே" என்றாள் மெதுவாக. "நீ குடுக்கலை. அமுக்குத நேரத்துல போயி எந்தப் பாட்டுன்னு பாக்குது. உன் சுத்து கடைசிப் பாட்டுல, அந்த ஒப்பாரியில வந்து நிக்குது. எல்லாம் அதையே எடுத்துட்டு வருது."

சொல்லிவிட்டு வரிசைக்குப் போய்விட்டாள். அவள் தலையிலிருந்த முளையில் ஒன்றுகூடச் சாயவில்லை. எனக்கு அதிலும் பொறாமை.

மீதி ஏழு பட்டனையும் நான்தான் அமுக்கினேன். சாயங்காலம் கோயிலில் மைக் செட்டுக்கு மரியாதை செய்தபோது துண்டு என் தோளில் விழுந்தது. "எம் மருமவன் சமாளிச்சுட்டான்" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நம்பினேன். அவள் நின்றுகொண்டே வேலை பார்த்த நேரம் முழுக்க நான் நாற்காலியில்தான் இருந்தேன் என்பதுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, போன கொடைக்கு அவள் தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள். பழைய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பேச்சோடு பேச்சாக, "அந்தச் சட்டையைத் தையக்கடையில போயி வாங்கிட்டு வந்ததே நான்தான்லா" என்றாள்.

"எப்போ?"

"லீவு விட்ட புதுசுல. உன் ஸ்கூல் சட்டையை அளவுக்குக் குடுத்திருந்தாரு எங்கப்பா."

அப்போது நாங்கள் கம்ப்யூட்டர் சென்டரிலேயே சேர்ந்திருக்கவில்லை. அதாவது, யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவள் அந்த விண்டோவைச் செய்திருக்கிறாள். எட்டு பட்டனையும் ஒன்று விடாமல் ஹெட்போன் மாட்டிக் கேட்டும் பார்த்திருக்கிறாள்.