மாப்பிள்ளைக் குதிரை

யுத்தம் நடந்த ஆண்டுகளில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் பூந்தமல்லிச் சாலையில் பஸ்கள் குறைந்தன. அவற்றின் பாரம் ஜட்காக் குதிரைகளின் மீது விழுந்தது. நான்கு பேர் ஏற வேண்டிய வண்டியில் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். குதிரைகள் கடைவீதியிலேயே விழுந்து செத்தன. நான் அப்போது பட்டணத்துக் கல்லூரியொன்றில் தர்க்கம் கற்பித்துவந்தேன். அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு இருந்தது. கைவிடப்பட்ட குதிரைகளை அங்கே வைத்துத் தேற்றுவது என் மனைவியின் ஏற்பாடு. மறுக்காதிருந்தது மட்டுமே என் பங்கு. இதை எழுதும் இப்போது, அவள் இறந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை.

முதலில் வந்த இரண்டு குதிரைகளும் தோப்பிலேயே இறந்தன. பிழைத்தது மூன்றாவதாக வந்த பழுப்புப் பெண்குதிரை ஒன்றுதான். பூந்தமல்லிக் கடைவீதியில் அது மண்டியிட்டுக் கிடந்தது. வண்டிக்காரர் சாட்டைக் காம்பால் அதன் விலாவில் குத்திக்கொண்டிருந்தார். என் மனைவி நாங்கள் ஏறி வந்த வண்டியிலிருந்து இறங்கிப் போய் அவர் எதிரில் நின்றாள்.

“எழுந்துக்காதும்மா. இது குதிர இல்ல, என் தலையெழுத்து. ஓணும்னா நீயே இட்டுகினு போ,” என்றார் அவர்.

சேணம் அழுத்திய புண் எலும்புவரை இறங்கியிருந்தது. அது ஆறுவதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. கண்களின் இருபுறமும் பார்வையைத் தடுக்கும் தோல் தட்டுகளை, கண்மறைப்பு என்பார்களே, அவற்றை முதல் நாளே அவள் அறுத்தெறிந்தாள்.

“அடிக்கிற கை எந்தப் பக்கமிருந்து வருதுன்னாவது பார்க்கட்டும்,” என்றாள்.

தோப்பில் புல் தீர்ந்தது. கொள்ளும் கிடைக்கவில்லை. குதிரைக்கு வேறிடம் தேடினோம். மீண்டும் வண்டியில் பூட்டக் கூடாது என்பது அவள் விதித்த நிபந்தனை. அவளுக்கு அப்போது வேறெந்த விருப்பமும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு விவசாயியிடம் கேட்டேன்.

“வண்டி இழுக்காது, ஏரு உழாது, பாலும் கறக்காது. இத்த வச்சிகினு இன்னா சாமி பண்றது? தெனம் கற்பூரம் காட்டறதா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கேட்டதில் தவறில்லை. அந்த வட்டாரத்தில் குதிரைக்கு ஜட்காவை விட்டால் வேறு பிழைப்பு அரிது.

கடைசியில் பூந்தமல்லியில் ஒரு பெரியவர் அகப்பட்டார். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர். அவருடைய பழைய குதிரை மூப்பில் இறந்திருந்தது.

“மாசத்துக்கு நாலு மாப்பிள்ளய சொமந்தா போதும்மா. மிச்ச நாளெல்லாம் துன்னுகினு தூங்கலாம். எங்க ஊட்டு மருமவனுக்கே இந்தச் சொகம் இல்ல.”

என் மனைவி சிரித்தாள். பிறகு இன்னொரு நிபந்தனையும் சேர்த்தாள்: கண்மறைப்பு போடவே கூடாது. “நீங்க வேணான்னா வேணாம்மா,” என்று அவர் என் கையில் அடித்து வாக்களித்தார். அவருடைய பழைய குதிரை குட்டியிலிருந்தே ஊர்வலத்தில் நடந்து பழகியது. அதற்குக் கண்மறைப்பு தேவைப்பட்டதே இல்லை. எங்கள் குதிரையோ அதுவரை சாலையை நேரெதிரே மட்டும்தான் பார்த்திருந்தது. அந்த வேறுபாடு எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் ஊர்வலத்துக்கு எங்களையும் அழைத்தார். கடைவீதியில் மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. கழுத்து நிறைய மல்லிகைச் சரங்களுடன் குதிரை நிதானமாகவே நடந்தது. அப்போது ஆவடி முகாமுக்குப் போகும் ராணுவ லாரிகள் வரிசையாக வந்தன. முதல் லாரி பக்கவாட்டில் நெருங்கியதைக் கண்டதும் குதிரை திமிறியது. மாப்பிள்ளை சரிந்து கூட்டத்தின்மேல் விழுந்தார். அவருக்குக் காயமில்லை. குதிரை இரண்டு லாரிகளுக்கு இடையே பாய்ந்தது. முன்னங்கால்கள் இரண்டும் முறிந்தன.

லாரியிலிருந்து இறங்கிவந்த அதிகாரி துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்த்தார். பெரியவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் பெண்கள் கூட்டத்திலிருந்து வெளியே வந்து, குதிரையின் கழுத்திலிருந்த சரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பிறகு சுடச் சொல்லி அதிகாரியிடம் தலையசைத்தாள்.

“எனக்குக் குடுத்து வெக்கலம்மா,” என்று பெரியவர் தேம்பினார்.

“நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்தினீங்க,” என்றாள் அவள்.

சில வாரங்கள் கழித்துத் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு ஜட்காக்காரர் நொண்டும் குதிரையுடன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“குதிரய வச்சிப் பாக்கற அம்மா ஊடு இதானே?”

“இல்லைன்னு சொல்லிடுங்க,” என்று உள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது. சொன்னேன்.

“இன்னா சாமி, தோப்புல லாயம் தெரியுதே,” என்றார் அவர்.

ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குதிரை முழுவதையும் குடித்தது. அவர் அதை ஆவடிப் பக்கமாக நடத்திக்கொண்டு போனார்.

நான் உள்ளே வந்தபோது அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“எந்தக் கால்?” என்றாள்.

“இடது பின்னங்கால்,” என்றேன்.

அதன்பிறகு எங்களுக்குள் குதிரைகளைப் பற்றிப் பேச்சு எழவில்லை.