கப்பல் நின்ற ஒரு மணி நேரம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசும் வேலையில் பத்து வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் சுமதி. எங்கள் ஊர் அகதிகள் முகாமில் வளர்ந்து, பிறகு யாழ்ப்பாணம் திரும்பியவள். போன வருடம் மகன் என்னை இலங்கைக்குக் கப்பல் சுற்றுலா அழைத்துப் போனான். "ரெண்டு மணிக்குத் துறைமுக வாசலுக்கு வந்துடு" என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

நடுக்கடலில் அறிவிப்பு வந்தது. வானிலை சரியில்லையாம், யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் காலையில் ஒரு மணி நேரம்தான் நிற்குமாம். போனில் சிக்னல் இல்லை.

"அவ மத்தியானத்துக்குல்ல வருவா! யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்று கப்பல் ஊழியரிடம் கத்தினேன். இரவெல்லாம் தூக்கமில்லை.

இறங்கியதும் வாசலுக்கு ஓடினேன். குடையோடு சுமதி நின்றிருந்தாள்.

"உனக்கு எப்புடிடீ தெரிஞ்சுது?"

"தெரியாது அக்கா. விடியவே வந்திட்டன். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடேக்க எனக்கு எட்டு வயசு. இந்தியாவுக்குப் படகு இரவுதான் எண்டு சொன்னவை. பொழுதுபட முந்தியே எடுத்திட்டாங்கள். உடுப்பு எடுக்கப் போன அம்மா கரையிலயே நிண்டிட்டா. பிறகு அவவை நான் காணேல்ல."

பத்து வருடத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. கப்பல் சங்கு ஊதும்வரை அவள் கையை நான் விடவில்லை.

இப்போது எங்கள் ஜங்ஷனில் ரயில் நேரம் மாறியதாக அறிவித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. எந்த ஊரில் யார் காத்து நிற்கிறார்களோ என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.